பூச்சிப் பெயர் பேண்டுகள்: கேட்கவும் தொடங்கவும் நினைக்கும் தோட்டத்துப் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவிலும் (பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் கிட்டார் பிடிக்கும் பிள்ளைகள், பூச்சிப் பெயர் கொண்ட பேண்டுகளை (இசைக்குழுக்களை) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பாதி கேள்விகள் பாட்டைக் கேட்பதைப் பற்றியவை, மீதி வாசிப்பதைப் பற்றியவை.

பேண்டுக்குப் பூச்சிப் பெயர் வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பெரிய சங்கிலியின் முதல் கண்ணி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள லப்பக் நகரம். ராக் பாடகர் பட்டி ஹாலி முன்பு டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தால், பதிவு செய்த ஒரு பாட்டை மறுபடி தன் பெயரில் வெளியிட முடியவில்லை. குழுவுக்கு உடனே ஒரு பெயர் வேண்டியிருந்தது. பூச்சிப் பெயர்களாகத் தேடி, 1957இல் 'தி கிரிக்கெட்ஸ்', அதாவது சுவர்க்கோழிகள், என்று வைத்துக்கொண்டார்கள். வண்டு என்ற பெயரும் அன்று பேச்சில் வந்தது. பார்த்தால் மிதிக்கத் தோன்றும் ஜந்து என்று டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் அதைத் தள்ளிவிட்டார். லிவர்பூலில் ஜான் லெனனும் ஸ்டூவர்ட் சட்கிளிஃபும் கிரிக்கெட்ஸ் மேல் இருந்த பிரியத்தில் அதே வண்டைக் கையில் எடுத்தார்கள். சில மாதங்கள் பெயர் இப்படியும் அப்படியும் மாறி, 1960 ஆகஸ்டில் 'தி பீட்டில்ஸ்' என்று நிலைத்தது.

இவர்கள் எல்லாரும் 'இன்டி' பேண்டுகளா?

இல்லை. பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டுப்பாடும் இல்லாமல், சொந்தமாகவோ சிறிய லேபிள் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாகவோ வெளியிடுவதுதான் இன்டி. பீட்டில்ஸ் இன்டி அல்ல. 1968இல் ஒரே பாட்டை 17 நிமிடம் இழுத்த 'அயர்ன் பட்டர்ஃபிளை'யும் அல்ல. 'ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ்' முதலில் இன்டியாக இருந்து பிறகு பெரிய நிறுவனத்துக்குப் போனது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1979இல் 'டூ இட்' என்ற சிறு லேபிளில் வந்தது. 1980 ஜனவரியில் இங்கிலாந்தில் இன்டி ஆல்பங்களுக்கென்று தனி வரிசைப் பட்டியல் தொடங்கியபோது முதல் இடத்தில் இருந்ததும் அதுதான்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பொறுத்தது.

மெல்லிசை பிடிக்குமென்றால் 'தி லேடிபக் டிரான்சிஸ்டர்'. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த குழு, மெர்ஜ் லேபிள். 1999இல் வந்த 'தி ஆல்பமார்ல் சவுண்ட்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். கிட்டாருக்குப் பக்கத்தில் டிரம்பெட்டும் புல்லாங்குழலும் நரம்புக் கருவிகளும் வந்துபோகும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. இவர்கள் பதிவு செய்த இடம் பெரிய ஸ்டூடியோ அல்ல, ஒரு வீடு. உங்கள் கூடத்தில் பதிவு செய்ய முடியுமா என்ற சந்தேகம் இந்த ஆல்பத்தோடு தீரும்.

வெயிலும் ரெக்கேயும் சோல் இசையும் கலந்து வேண்டுமென்றால் 'தி பீஸ்'. இங்கிலாந்தின் தெற்கே உள்ள ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்தவர்கள். பால் பட்லரும் ஆரன் ஃபிளெட்சரும் தொடங்கியது. முதல் ஆல்பமான 'சன்ஷைன் ஹிட் மீ' வீட்டுக் கொட்டகையில் பதிவாகி, 2002இல் ஆல்பங்களுக்கான மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அடுத்த ஆல்பம் 2004இல் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அறை மாறும்போது டிரம் சத்தம் எப்படி மாறுகிறது என்பது காதுக்கே தெரியும். எங்களுக்குக் கொட்டகைதான் பிடிக்கும்.

சின்தசைசர் பக்கம் ஆசை இருந்தால் பென்சில்வேனியாவின் 'பிளாக் மாத் சூப்பர் ரெயின்போ'. பெயரில் இருப்பது கருப்பு அந்துப்பூச்சி. 2007இல் வந்த 'டான்டிலியன் கம்' ஆல்பத்தில் குரல் முழுக்க வோக்கோடர் வழியாக வரும். பாடுபவரின் வாயசைவை ஒரு சின்தசைசர் ஒலியின் மேல் பதிக்கும் கருவி அது. சொற்கள் பாதிதான் புரியும். மூன்றாவது பாட்டுக்குள் பழகிவிடும்.

சான் டியேகோவின் 'தி லோகஸ்ட்' கடைசியில் வரட்டும். 1994இல் தொடங்கிய வெட்டுக்கிளிக் கூட்டம். உடலோடு ஒட்டிய உடுப்பு, வலைக்கண் முகமூடி. பல பாட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டாது. வேகமும் அலறலும் சின்தசைசர் கீச்சலும் ஒன்றாக வரும், ஆகவே ஹெட்ஃபோனில் சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். முதல் தடவை இரைச்சலாகத்தான் இருக்கும். இரண்டாவது தடவை டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். எவ்வளவு துல்லியமாக நின்று புறப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

தேள் பெயர் கொண்ட 'ஸ்கார்ப்பியன்ஸ்' ராக் குழுவைச் சேர்க்கலாமா?

தேளுக்கு எட்டுக் கால், சிலந்திக்கும் எட்டுக் கால். பூச்சிக்கு ஆறு. சேராது.

நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

பீட்டில்ஸ் அலை 1960களில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் அடித்தபோது உருவான கிட்டார் குழுக்களை 'கூகிரான்' என்றார்கள். அந்த இசைக்குப் பெயர் பாப் யே யே. பொதுவாக ஐந்து பேர்: லீட் கிட்டார், ரிதம் கிட்டார், பேஸ், டிரம், பாடகர். இன்றும் பல இன்டி பேண்டுகளின் அமைப்பு இதுதான். பூச்சி இல்லாவிட்டாலும் பூனைப் பெயரில் நாடே கொண்டாடிய குழு ஒன்று நம்மவர்களுடையது: பினாங்கின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அல்லிகேட்ஸ்'. மலாய்ப் பாடல்களால் புகழ் பெற்றவர்கள். நம் ஊர்ப் பையன்கள் பேண்ட் வைத்தால் யார் கேட்பார்கள் என்று தயங்குபவர்கள் இவர்களுடைய பாடல்களைப் போட்டுக் கேட்கட்டும்.

எங்கள் பேண்டுக்குப் பூச்சிப் பெயர் வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒரு பாட்டையாவது முழுசாக வாசித்து முடியுங்கள். பெயரை அதற்குப் பிறகு வையுங்கள். 'குளவி' என்று வைத்துவிட்டு மெதுவான காதல் பாட்டு வாசித்தால் கேட்கிறவருக்குப் பெயர் நினைவில் நிற்காது. ஆன்ட்ஸ் என்றால் எறும்புப் படை. அவர்களிடம் இரண்டு டிரம்மர்கள் இருந்தார்கள். லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. இசையும் அப்படியே விழுந்து மேயும். பெயரும் ஒலியும் ஒத்துப்போவதே இந்தப் பேண்டுகளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூச்சிக்குப் பஞ்சமில்லை. செம்பனையின் இளங்குருத்தைத் துளைத்து, மட்டை விரியும்போது கத்தரித்தது போன்ற வெட்டை விட்டுப்போகும் காண்டாமிருக வண்டு இருக்கிறது. கனமான ராக் குழுவுக்குப் பொருந்தும். செம்பனைப் பூவில் மகரந்தம் சுமக்கும் கூன்வண்டு இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளம்தான். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து மலேசியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். அந்த வேலையை நம் பாட்டிமார் கையிலிருந்து வாங்கிக்கொண்ட வண்டு அது. அதன் பெயரில் இன்னும் நல்ல பேண்ட் ஒன்று வர வேண்டும். பழமரங்களில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பும் உண்டு.

'மின்மினி' என்று வைக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் அந்தப் பெயரில் பாடகர்கள் முதல் கடைகள் வரை ஏற்கெனவே நிறைய இருப்பதால் தேடலில் காணாமல் போவீர்கள். இன்னொரு சொல்லைச் சேர்த்தே வையுங்கள்: ஊர்ப் பெயர், மரம், தோட்டப் பிரிவு எண், எதுவானாலும் சரி.

முடிவு செய்யும் முன் மூன்று சோதனை. பாட்டு கேட்கும் செயலிகளில் தமிழிலும் ரோமன் எழுத்திலும் தேடிப் பாருங்கள். மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் இணையத் தேடலில் வர்த்தகச் சின்னங்களைப் பாருங்கள். நிகழ்ச்சிகளுக்கு வகுப்பு 41, பதிவுகளுக்கு வகுப்பு 9. கடைசியாக, பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லி, நண்பரை ரோமன் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயரோடு காலம் முழுக்கப் போராட வேண்டியிருக்கும்.

உறுமியைக் கிட்டாரோடு சேர்க்க முடியுமா?

முடியும். நம் ஊரில் உறுமி மேளம் இல்லாத திருவிழா இல்லை, ஆகவே ஆளுக்கும் குறைவில்லை. ஆன்ட்ஸ் 1980இல் புருண்டி நாட்டு முரசுத் தாளத்தை எடுத்து இரண்டு டிரம்மர்களை வைத்து வாசித்ததுதான் அவர்களைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது. நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை.

முதல் சிக்கல் நடை. உறுமி மேளத்தின் பல அடிகள் மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. ராக் டிரம்மர் பழக்கத்தில் இரண்டு இரண்டாக ஹை-ஹாட் (இரட்டைச் சிம்பல்) தட்டுவார். இரண்டும் சேரும்போது பாட்டு தள்ளாடும், யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் சண்டை வரும். தாளம் காட்டும் மெட்ரோனோமை 12/8க்கு மாற்றுங்கள்: ஓர் ஆவர்த்தத்தில் 4 தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் 3 பிரிவு. நிமிடத்துக்கு 100 தட்டில் தொடங்கி, எல்லாரும் கையால் தட்டிப் பழகிய பிறகு கருவியைத் தொடுங்கள். ஹை-ஹாட்டும் மூன்றாகவே போகட்டும். ஸ்னேர் என்ற சிறு முரசு 2ஆம், 4ஆம் தட்டில் மட்டும்.

அடுத்தது கீழ் ஒலி. வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் உறுமல் பேஸ் கிட்டாரின் இடத்திலேயே வந்து உட்காரும். உறுமல் வரும் இடத்தில் பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கட்டும், அலங்காரம் வேண்டாம். கிட்டாரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 800 ஹெர்ட்ஸ் முதல் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றுங்கள்.

மைக் இரண்டு வேண்டும், முகத்துக்கு ஒன்று. ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் போதும். தோலிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், தேய்க்கும் குச்சி இடிக்காத கோணத்தில் வையுங்கள். இரண்டு மைக்கும் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருப்பதால் கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடலாம். மிக்சரில் ஒரு சேனலின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேளுங்கள். எந்த நிலையில் உறுமல் தடித்து வருகிறதோ அதுவே சரி. மழை நாளில் தோல் தளர்ந்து சத்தம் தொங்கும். மேளக்காரரிடம் விட்டுவிடுங்கள், எவ்வளவு சூடு காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் அதற்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

சிள்வண்டுச் சத்தத்தைப் பதிவு செய்து பாட்டில் போட ஆசை. கைப்பேசியில் எடுத்தால் காணாமல் போகிறதே?

கைப்பேசி சீரான இரைச்சலைத் தானே அழிக்கும். சிள்வண்டின் ரீங்காரம் அதன் கணக்கில் மின்விசிறிச் சத்தம். இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலி அளவையும் அணைக்க விடும் பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 128 கிலோபிட் எம்பி3யில் எடுத்தால் சத்தம் தண்ணீருக்குள் சுழல்வது போல் ஆகிவிடும். அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

அந்தி மயங்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய் நில்லுங்கள். லாரிப் பாதையை விட்டு விலகி நிற்பது நல்லது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்து, மைக் துளையைக் காற்று நேராகப் படாத பக்கமாகத் திருப்புங்கள். அளவு உச்சத்திலிருந்து 12 டெசிபல் கீழே இருக்கட்டும், 5 நிமிடம் விடாமல் எடுங்கள். ஒரே இரவில் எடுத்ததை மட்டும் ஒட்டுங்கள். சுவர்க்கோழி வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாற்றும். மழை பெய்து குளிர்ந்த இரவில் மெதுவாகக் கத்தும். இரண்டு இரவுகளை ஒட்டினால் ஒட்டிய இடம் காதில் இடறும்.

பாட்டில் சேர்க்கும்போது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுங்கள். தூரத்து எஞ்சின் உறுமல் போய்விடும். சிள்வண்டு வயிற்றின் இருபுறமும் உள்ள விலாச் சவ்வை அதிர வைத்துச் சத்தம் எழுப்புகிறது, சுவர்க்கோழி இறக்கையை இறக்கையோடு தேய்க்கிறது. இரண்டும் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே இருக்கும். டிரம்மின் சிம்பலும் பாடகரின் 'ச'கரமும் குடியிருப்பது அங்கேதான். முழுப் பாட்டுக்கும் சிள்வண்டை ஓட விட்டால் பத்து விநாடியில் காது சலித்துவிடும். முன்னிசையில் முழு அளவில் விட்டு, குரல் நுழையும்போது 15 டெசிபல் இறக்குங்கள். அல்லது சிம்பல் இல்லாத பகுதியில் மட்டும் வையுங்கள்.

கிட்டாரிலேயே பூச்சி ஒலி வருமா?

தேனீயின் இறக்கை விநாடிக்குச் சுமார் 230 தடவை அடிக்கும். கிட்டாரின் 3ஆம் தந்தியில் 3ஆவது கட்டு 233 ஹெர்ட்ஸ். அதை அழுத்தி, ஒலியை ரீங்கரிக்க வைக்கும் ஃபஸ் பெடலை முக்கால் வரை ஏற்றி, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, இடது விரலால் மெல்ல நடுக்குங்கள். தேனீ வந்துவிடும். சுவர்க்கோழிக்குக் கிட்டார் போதாது, சின்தசைசர் வேண்டும்: 4.5 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, அதன் மேல் விநாடிக்கு 30 வேகத்தில் டிரெமலோ (ஒலி அளவின் ஏற்ற இறக்கம்), மூன்று துடிப்பு விட்டு ஓர் இடைவெளி. ஃபஸ் பெடலை ஆம்பிளிஃபயரின் டிஸ்டார்ஷனோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரீங்காரம் போய் வெறும் கரகரப்புதான் மிஞ்சும்.

தகரக் கூரை அறையில் பயிற்சி செய்கிறோம். எல்லாம் ஒரே இரைச்சல், பக்கத்து வீட்டிலும் புகார்.

இவை இரண்டு வேறு சிக்கல்கள். முட்டை அட்டை ஒட்டினால் புகார் நிற்காது. அது உள்ளே எதிரொலியைச் சற்றுக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. சத்தம் போவது இடுக்கு வழியாக. கதவின் அடி இடுக்கையும் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளையும் முதலில் அடையுங்கள். டிரம்முக்குப் பின்னால் பழைய மெத்தையை நிறுத்துங்கள். ஆம்பிளிஃபயரைத் தரையில் வைத்தால் வாசிப்பவரின் காலுக்குத்தான் கேட்கும், அவர் ஏற்றிக்கொண்டே போவார். நாற்காலியில் ஏற்றிக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள், சத்தம் தானாகக் குறையும். ஸ்னேர் மேல் ஒரு மெல்லிய துண்டு போடுங்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடியுங்கள். மக்ரிப் பாங்குக்கும் கோயில் பூசைக்கும் இடையூறு இருக்காது, அக்கம்பக்கத்தாரும் பொறுத்துக்கொள்வார்கள். மழை பிடித்தால் அன்று மின்கருவிகளை ஓரம் வைத்து, சொற்களையும் தாளத்தையும் பாருங்கள்.

மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்கிறது. பரவாயில்லையா?

உடனே நிறுத்துங்கள். பழைய லயத்து வீடுகளிலும் கொட்டகைகளிலும் எர்த் கம்பி துண்டாகியிருக்கலாம். கிட்டார் தந்தியைக் கையால் பிடிக்கும்போது 'ஹம்' சத்தம் குறைவது சாதாரணம். உதட்டில் அதிர்ச்சி வருவது சாதாரணமல்ல. 240 வோல்ட் ஆளைக் கொல்லும். ஹம் சத்தத்தைப் போக்குவதாகச் சொல்லி பிளக்கின் எர்த் காலை வெட்டுவதும் டேப் சுற்றுவதும் அதே ஆபத்துதான். சாக்கெட் சோதிக்கும் சிறு கருவி வன்பொருள் கடையில் கிடைக்கும். கோளாறு காட்டினால் பதிவு பெற்ற வயரிங்காரரை அழையுங்கள். அதுவரை அந்த அறையில் மின்கிட்டார் வேண்டாம். சரியான பிறகும் எல்லா ஆம்பிளிஃபயரையும் மிக்சரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள்.

தந்தி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது.

வாசித்ததும் ஒவ்வொரு தந்தியையும் அடிப்புறமும் சேர்த்துத் துடையுங்கள். பூச்சு போட்ட தந்தி வாங்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறும்போது மாற்றுங்கள். ஜாக் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர்.

வீடியோவுக்குக் கம்போங் குவாந்தான் மின்மினிகளை எடுக்கலாமா?

ஆசை நியாயமானது, அங்கே சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே நேரத்தில் விளக்கேற்றி அணைக்கும் காட்சி உலகில் பல இடங்களில் கிடைக்காது. ஆனால் ஃபிளாஷும் டார்ச்சும் கூடவே கூடாது. இணையைத் தேடுவதே அந்த வெளிச்சத்தால்தான்; நம் விளக்கு அதைக் கெடுக்கும். சாதாரணக் கைப்பேசியில் கருப்புத் திரைதான் வரும். எஃப் 1.8 அல்லது அதைவிடத் திறந்த லென்ஸ், ஐஎஸ்ஓ 6400, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்து எடுங்கள். படகு ஆடுவதால் காட்சி குலுங்கும். படகுத்துறையில் முக்காலி வைக்க அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிலவில்லாத, மழையில்லாத இரவாகப் பாருங்கள். பாட்டை அங்கே ஒலிபெருக்கியில் போட வேண்டாம். தாளத்துக்கு ஏற்ப வெட்டுவதை வீட்டில் செய்யுங்கள்.

பாட்டு தயார். வெளியிடும்போது என்ன தவறுகிறது?

பெரும்பாலும் பெயர்தான். விநியோகச் சேவையில் பதிவேற்றும்போது அதே பெயரில் வேறொரு கலைஞர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 'புதிய கலைஞர்' என்ற தேர்வைக் கவனமாக அழுத்துங்கள். எல்லாப் பாட்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். கோப்பு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் ஒன்று வரும். அதை எழுதி வையுங்கள், சேவையை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால் கேட்டவர் கணக்கு தொடரும்.

யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை வெளியிடும் முன் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். உறுமிக்காரரையும் சேர்த்து. மலேசியச் சட்டப்படி பாட்டின் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுக்கும் நிற்கிறது, ஆகவே இது பிள்ளைகள் காலம் வரை போகும் கணக்கு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அவர்களுக்கான உரிமத்தொகையை வசூலிக்கும் எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகலாம். வானொலியில் ஒலிக்கும்போது உரிமத்தொகை அந்த வழியாக வரும். மின்னல் எஃப்எம், ராகா போன்ற நிலையங்களுக்கு அனுப்பும்போது 20 விநாடிக்குள் குரல் நுழையும் வடிவம் ஒன்றைத் தனியாகச் செய்து அனுப்புங்கள். இரண்டு நிமிடச் சிள்வண்டு முன்னிசை ஆல்பத்தில் அப்படியே இருக்கட்டும்.